கோபம் வந்தால் போடுகிற மாத்திரை

என் அப்பா ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரில் மற்றவர்கள் மாத்திரையை விழுங்குவார்கள். அப்பா அதைத் தீர்ப்பாக வழங்குவார்.

முதலில் பேச்சை நிறுத்துவார். பிறகு இடது கையால் பிடரியைப் பிடித்துக்கொள்வார். "இந்தா, மெஷினை எடு" என்பார். அம்மா பிரஷர் மெஷினை எடுத்து வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றுவாள். அது உப்பி இறங்கும்வரை வீட்டில் யாரும் பேசக்கூடாது, டி.வி.யை அணைத்துவிட வேண்டும். எண் வந்ததும் வாய்விட்டுப் படிக்க மாட்டார். எங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார், நீங்கள் செய்த வேலையைப் பாருங்கள் என்று. அம்மா "என்னங்க, இந்தாங்க" என்று மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுவாள். அவர் வாயில் போட்டுக்கொண்டால் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகும் யாராவது வாயைத் திறந்தால் அது கொலை முயற்சி.

அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் பழைய பிளாட் ஒன்றில் அவர், அம்மா, நான். கல்யாணத்தை முறித்துக்கொண்டு பெட்டியோடு திரும்பி வந்தவள் நான். ஆகையால் அவருடைய பிரஷருக்கு நிரந்தரக் காரணமும் நானே. அரசாங்க கிளினிக்கில் தினமும் போடச் சொல்லித்தான் அவருக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. "தினமும் எதுக்கு? மழை பெஞ்சாத்தானே குடை?" என்பார். வெயிலுக்கும் குடை பிடிக்கிற ஊர் இது என்று நான் சொன்ன அன்றைக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

குற்றத்துக்குத் தகுந்த அளவு உண்டு. குழம்பில் உப்புக் கூடினால் அரை மாத்திரை, எலுமிச்சம்பழம் வெட்டுகிற கத்தியால் வெட்டியது. கோவில் கமிட்டித் தேர்தலில் அவர் தோற்ற அன்று இரண்டு. நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று ஒன்றரை. அந்த அரையை எதற்காகக் கூட்டினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெட்டி பெரிதாக இருந்ததோ என்னவோ.

அப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ ஒருவருக்குத் தலை சுற்றினால் போதும், சுற்றியிருக்கும் கைப்பைகள் எல்லாம் திறக்கும். "என்கிட்ட இருக்குக்கா, என்னோடதைப் போடுங்க, எல்லாம் ஒண்ணுதான் லா" என்று வெள்ளையும் மஞ்சளுமாக நீட்டுவார்கள், மிட்டாய் கொடுப்பதைப் போல. பிரஷர் என்றால் கோபம், கோபம் போனால் பிரஷரும் போச்சு. இதுதான் எங்கள் வைத்தியம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கூடுதல் விதியும் இருந்தது. கோபம் அப்பாவுக்கு மட்டும்தான் வரலாம். மற்றவர்களுக்கு வந்தால் அதற்குப் பெயர் திமிர்.

அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது தெரிந்ததே தற்செயல்தான். அப்பாவுக்கு மருந்து வாங்க மூவரும் கிளினிக்குக்குப் போயிருந்தோம். நான் கார் ஓட்டப் போனேன். அம்மா அவருடைய தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொள்ளப் போனாள். அப்பாவைப் பார்த்து முடித்த மிஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், "ஆன்டி, சும்மாதானே நிக்கிறீங்க, நீங்களும் உக்காருங்க" என்றாள். பந்தியில் முதல் இலைக்குக் கூப்பிட்டதைப் போல அம்மா கூச்சப்பட்டாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

மிஸி ஒரு தடவை பார்த்தாள். பட்டையை அவிழ்த்து அடுத்த கையில் சுற்றிப் பார்த்தாள். பிறகு வேறொரு மெஷினைக் கொண்டுவந்து பார்த்தாள். மேல் எண் இருநூறைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஆன்டி, தலை சுத்தலையா? கண்ணு மங்கலையா?"

"இல்லையே மிஸி" என்றாள் அம்மா, ஏதோ களவில் அகப்பட்டவள் குரலில்.

நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமும் இல்லை, கவலையும் இல்லை. தனக்குக் கீழே வேலை பார்த்தவள் ஒரே நாளில் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்க்கும் கிராணியின் முகம் அது. அன்று அவருடைய எண் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண எண். "அந்த மெஷின் ரொசாக்" என்றார். கெட்டுப்போன மெஷின் அவரை மட்டும் எப்படிச் சரியாகக் காட்டியது என்று மிஸி கேட்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர். அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும், கோபம் வந்தாலும் வராவிட்டாலும், தினமும் காலையில் போட வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று தோன்றினாலும் போட வேண்டும். அம்மா ஒவ்வொன்றுக்கும் "யா, டாக்டர்" என்று தலையை ஆட்டினாள். யார் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலை அது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பாடம் நடத்தினார்.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீ என்னைப் பாரு, எத்தனை வருஷமா சமாளிக்கிறேன். கோவம் வந்தா போடு. தேவையில்லாம மருந்து உள்ள போச்சுன்னா கிட்னி காலி." கொஞ்சம் சிரித்துவிட்டு, "உனக்கு என்ன கோவம் வரப்போகுது?" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மாவும் சிரித்தாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். அன்று நான் போட்ட சத்தத்தில் அப்பா ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். அதற்கும் தண்ணீர் கொண்டுவந்தது அம்மாதான், இருநூறைச் சுமந்துகொண்டு.

எனக்கு வேலை போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில். விடிவதற்குள் கிளம்பினால்தான் கொமுட்டர் ரயிலில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். கிளம்புவதற்கு முன் அம்மாவின் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, "என் கண்ணு முன்னால போடுங்கம்மா" என்பேன். "வெறும் வயித்துலயா? பசியாறிட்டுப் போடுறேன், நீ கிளம்பு" என்பாள். சாயங்காலம் கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்பாள். ஒரு நாள் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் அப்படியே அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன். கத்தினேன். அம்மா அசையவில்லை.

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே. அப்பாவோடது தீந்துபோச்சுன்னா வேணுமில்ல? அவருக்குத் திடீர்னு ஏறும்."

அப்பா ஏற்கெனவே அதிலிருந்து எடுத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரே வீட்டுக்குள்ள என்ன உன்னுது, என்னுது" என்றார். நல்ல மனசு. அம்மாவின் நகையை எடுத்தபோதும் இதையேதான் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோபம் வந்தால் போடுகிற மாத்திரைதானே, சரி, அம்மாவுக்குக் கோபத்தை வரவழைத்துவிடுவோம். பைத்தியக்கார யோசனைதான். ஆனால் அந்த வீட்டில் புத்தியுள்ள யோசனை எதுவும் எடுபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கோப்பிக் கடைக்குப் போயிருந்தார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அம்மா தையல் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டதும், அப்பாவுக்குப் பிரஷர் வந்ததும். விருந்தாளிகள் முன்னால் அவர் அவள் சமையலைத் துப்பிக் காட்டியது. அவள் பேசுகிற ஆங்கிலத்தை அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தது. அம்மா "ம்" போட்டுக்கொண்டே கீரையை உருவினாள். நடுவில் "தேத்தண்ணி போடவா?" என்று வேறு கேட்டாள்.

கடைசியில், தொடக்கூடாததைத் தொட்டேன். ரவாங்கில் இருந்த பெரியம்மா இறந்த நாள். அம்மாவுக்கு அவள் ஒரே அக்கா, தூக்கி வளர்த்தவள். அன்று அம்மா சேலை மாற்றி, வாசல் கதவுவரை போய்விட்டாள். அப்பா பிடரியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரவாங். அம்மா சேலையை மாற்றிவிட்டுக் கஞ்சி வைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா சாயங்காலம் எழுந்து கோவில் கூட்டத்துக்குப் போனார்.

"அதுக்குக்கூடவா உங்களுக்குக் கோபம் வரலை?" என்று கேட்டேன்.

கீரை உருவிய கை நின்றது. வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் அவ்வளவு ஆசையாக வேறெதற்கும் காத்திருந்ததில்லை.

"அன்னைக்கு அவருக்கு ரொம்ப ஏறிடுச்சும்மா" என்றாள் அம்மா. "பாவம்." மறுபடி கீரையை உருவத் தொடங்கினாள். நான் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டேன். எனக்கு மாத்திரை தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு அதிக காலம் போகவில்லை. ஒரு நாள் காலையில் அலுவலகத்தில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன்.

"உங்கம்மா அடுப்படியில கீழ உக்காந்துகிட்டு எந்திரிக்க மாட்டேங்கிறா. கூப்பிட்டா பதில் இல்ல. எனக்கு இங்க பிரஷர் ஏறுது, மாத்திரையை எங்க வச்சிருக்கான்னு தெரியல."

"வாய் கோணியிருக்காப்பா?"

"ஒரு பக்கமா எச்சி ஒழுகுது."

"அம்புலன்ஸைக் கூப்பிடுங்க! இப்பவே!"

"இரு, முதல்ல நான் மெஷின்ல பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியைக் கூப்பிட்டேன். அம்புலன்ஸை வரவழைத்து, அம்மாவோடு ஏறிப் போனது அவர்தான். நான் ரயிலில் இருந்தேன். கிள்ளானிலிருந்து ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று வருகிற ரயில். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அப்பாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், வாய்க்குள் அல்ல. எதிரில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாள்.

ஆன்டி பிறகு எனக்குச் சொன்னது இது. அவர் உள்ளே நுழைந்தபோது அம்மா அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்திருக்கிறாள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆன்டி அலறியிருக்கிறார். அப்பா மற்றக் கையை உயர்த்தி, பேசாதே என்று சைகை காட்டினாராம். பேச்சுச் சத்தம் இருந்தால் எண் கூடிவிடும் என்று எப்போதோ ஒரு டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதில் அவர் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் தமிழ் டாக்டர் வந்து கேட்டார்.

"ஆன்டி பிரஷருக்கு மருந்து எடுக்கிறாங்களா அங்கிள்?"

"தேவைப்பட்டா எடுப்பா."

"தேவைப்படுதுன்னு எப்படித் தெரியும்?"

"கோவம் வந்தாத் தெரியுமே."

"ஆன்டிக்கு அடிக்கடி கோவம் வருமா?"

"வரவே வராது" என்றார் அப்பா பெருமையோடு. "தங்கமானவ."

டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போனார். எனக்கு அந்த இடத்திலேயே அப்பாவின் பிடரியைப் பிடிக்கத் தோன்றியது. என் கையால்.

அம்மா பிழைத்தாள். வலது கை போனது, வலது கால் பாதி போனது, பேச்சு மொத்தமும் போனது. வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாம் பேசுவது அவளுக்குப் புரிந்தது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. "ம்" கூட நேராக வரவில்லை. அப்பா வருகிறவர்களிடம் எல்லாம், தன் மாத்திரைக்குத் தண்ணீர் வராததால்தான் விஷயமே தெரிந்தது, ஆக ஒரு வகையில் அவளைக் காப்பாற்றியது தன் பிரஷர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்களும் "ஆமா அங்கிள், கடவுள் காப்பாத்திட்டாரு" என்று மைலோ குடித்துவிட்டுப் போனார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பயிற்சி கொடுத்தவள் கிள்ளான்காரத் தமிழ்ப் பெண், சுறுசுறுப்பானவள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். கோப்பை, பூனை, சீப்பு. அம்மா படத்தைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், காற்றுத்தான் வரும். கண்ணில் நீர் நிற்கும். வாரம் வாரம் இதுவே நடந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு நாள் கோப்பைப் படத்திலேயே அம்மா நெடுநேரம் நின்றுவிட்டாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"கோப்பைன்னு சொல்லு. ஒண்ணாப்புப் பிள்ளை சொல்லும் இதை. முயற்சியே பண்ண மாட்டேங்கிறா, பாருங்க மிஸ்."

அம்மா படத்தைவிட்டு முகத்தைத் திருப்பினாள். அசைகிற பாதி முகம் அப்பாவுக்கு நேராக வந்து நின்றது. வாய் திறந்தது.

"சனியனே."

குழறவில்லை. ஓர் எழுத்துக்கூட நழுவவில்லை. அம்மா அந்தச் சொல்லை யார்மீதும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஒரே ஒரு வாய்க்குத்தான் உரிமை இருந்தது. அத்தனை வருடம் கேட்டுக் கேட்டு எங்கே சேர்த்து வைத்திருந்தாளோ. அப்பா திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

அந்தப் பெண் கைதட்டினாள். "சூப்பர் ஆன்டி! வந்துருச்சு பாத்தீங்களா!" என்னிடம் திரும்பி, "இது நடக்கும்க்கா. மத்த பேச்செல்லாம் போனாலும் திட்டுற வார்த்தை, சாமி பேரு, பாட்டு, இதெல்லாம் சில பேருக்கு நிக்கும். எது வருதோ அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேல ஏறணும்" என்றாள்.

அப்பாவின் இடது கை பிடரிக்குப் போனது. "எனக்கு ஒரு மாதிரி இருக்கு, பிரஷர்..."

"அப்புறம் பாக்கலாம் அங்கிள், இப்ப ஆன்டி டைம்" என்றாள் அவள், சின்னப் பையனிடம் சொல்வதைப் போல. இப்படிச் சொல்ல ஓர் ஆள் கிடைக்க எங்களுக்கு இத்தனை காலம் ஆனது. "வீட்டுலயும் தினமும் பயிற்சி பண்ணணும். அங்கிள், நீங்க முன்னால உக்காந்தாத்தான் ஆன்டிக்கு வார்த்தை வருது. தினமும் காலையில நேரா உக்காருங்க, ஆன்டி உங்க முகத்தைப் பாக்கட்டும். அவங்க சொன்னதும் நீங்க சும்மா இருக்கக்கூடாது, பதில் சொல்லணும். பேச்சுன்னா ரெண்டு பக்கமும் வேணும்."

"அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் அப்பா.

அவள் ஒரு கணம் யோசித்தாள். அவள் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை, சத்தியமாக.

"'ஆமா'ன்னு சொல்லுங்க அங்கிள்."

முதல் நாள் அவர் தலைவலி என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் வந்து உட்காரும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவருடைய காலைப் பசியாறலை, உட்கார்ந்தால்தான் தருவது என்று அடுப்படியிலேயே வைத்திருந்தேன். இப்போது பழகிவிட்டது. நான் இன்னும் சீக்கிரம் எழுந்து, அம்மாவின் நாக்கில் மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்து, விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுகிறேன். பிறகு அப்பா வந்து எதிரில் உட்காருகிறார். அம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "சனியனே" என்கிறாள். அப்பா "ஆமா" என்கிறார். அம்மாவின் வாய் களைக்கும்வரை இது நடக்கிறது.

அதைக் கேட்க எனக்கு ஆனந்தமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். ஆனால் மடியில் கிடக்கும் அந்த வலது கை கண்ணில் பட்டதும் ஆனந்தம் வற்றிவிடும். வாய் நன்றாக இருந்த காலத்தில் இதை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாலும், அடடா, நமக்குக் கோபம் வந்துவிட்டதே என்று அன்றைக்கே பயந்துபோய் ஒரு மாத்திரை போட்டிருப்பாள்.